மாடி வீட்டு ஃப்ரிட்ஜில் ரோஜா விதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. முழங்கால் நீங்கலாக மற்றதெல்லாம் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டிப் பயல் மூவரும் சௌக்கியம் என்று உன் அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டேன். நீயே சொல்லித் தெரிந்துகொண்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஓய்வு பெற்றவர் சும்மா இருந்தால் துருப்பிடித்துவிடுவார் என்று நீதானே சொன்னாய், அதனால் தோட்டத்தில் இறங்கிவிட்டேன். இத்தனை வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த கைக்கு மண் புதிது. எங்கள் பழைய ஒர்க்‌ஷாப் வேலியில் காட்டு ரோஜா படர்ந்து கிடக்கும், ஐந்தே இதழ், அதில் சிவந்து பழுத்த காய்களைப் பறித்து வந்தேன். உள்ளே விதையைச் சுற்றிச் சுணை, கழுவி எடுப்பதற்குள் கையெல்லாம் அரிப்பு. தண்ணீரில் மிதந்ததைக் கொட்டிவிட்டு மூழ்கியதை மட்டும் ஈர மணலில் கலந்து டப்பாவில் அடைத்தேன். இந்த விதை ஒரு குளிர்காலத்தைத் தாண்டினால்தான் முளைக்குமாம், அதற்கு மாதக்கணக்கில் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். நம் ஃப்ரிட்ஜ் சத்தம் போடுகிறதே என்று நானே கழற்றிப் பூட்டியிருந்தேன். சத்தம் நின்றுவிட்டது, குளிரும் நின்றுவிட்டது.

வேறு வழியில்லாமல் மாடியில் இருக்கும் டெய்லர் அம்மாவிடம் கேட்டேன். நீ கிளம்பிப் போன பிறகு குடிவந்தவர், கணவர் தவறிப் பல வருஷம் ஆகிறது, தனியாகத்தான் இருக்கிறார். முட்டைத் தட்டுக்குக் கீழே இடம் ஒதுக்கிக் கொடுத்தார். மணல் காய்கிறதா, பூசணம் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டுமில்லையா, வாரம் ஒருமுறை போனேன், பிறகு தினமும் போனேன். விதைக்கு அவ்வளவு கவனிப்பு தேவையில்லை என்று பிறகுதான் தெரிந்தது, தெரிந்த பிறகும் போனேன். இப்போது விதை முளைத்துத் தொட்டிக்கும் வந்தாயிற்று. இனி மாடியில் உங்களுக்கு என்ன வேலை என்று உன் அண்ணன் கேட்டது நியாயம்தான்.

என்னை மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை, போன ஞாயிற்றுக்கிழமை நேரே மாடி ஏறி, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா, நாலு பேரு என்ன பேசுவாங்க" என்று அவரிடமே கேட்டுவிட்டான். நான் ஓடிப்போய்த் தடுக்கலாம் என்று பார்த்தேன், கால் ஒத்துழைக்கவில்லை. அவர் மெஷினை நிறுத்தாமலே, "உங்கப்பா விதையப் பாக்கத்தான் வந்தாரு தம்பி. நான்தான் உக்காரச் சொன்னேன். நீயும் உக்காரு" என்றார். உட்கார்ந்தான். டீ குடித்தான். பிய்ந்து தொங்கிய சட்டைப் பொத்தானையும் தைத்து வாங்கிக்கொண்டான். கீழே வந்து, "தங்கச்சி என்ன சொல்லுவாளோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அதைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டது. நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம். உன் அம்மாவின் அலமாரி அப்படியே இருக்கிறது, அதைத் தொடக்கூடாது என்று முதலில் சொன்னதே அவர்தான். உன் சம்மதம் தெரியாமல் பதிவு அலுவலகத்துப் படி ஏறமாட்டேன் என்கிறார். செடி பூக்கவே இரண்டு மூன்று வருஷம் ஆகுமாம், காத்திருக்கிற வயதா என்று நீ கேட்கலாம், நானும் கேட்டுக்கொண்டேன். நீ வேண்டாம் என்றால் அவர் மறுபேச்சு பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். பயலை வெயிலில் ரொம்ப விடாதே. உனக்குச் சரியாக இருக்கிற பழைய சட்டை ஒன்றை அளவுக்கு அனுப்பு. அவர் கேட்கத் தயங்குகிறார், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா