அத்தனை கண்ணும் பார்க்கும் முகம்

அம்மாவுக்கு, சோர்சியின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? வெனிஸில் வெள்ளம் வடிந்துவிட்டதா? நான் நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதீர்கள்.

இங்கே ஜெர்மன் பிரபுவின் விருந்துக்கூடத்து விதானத்தில், ரோமத் தளபதி பாம்பேயின் வெட்டுண்ட தலையை அவன் எதிரி சீசரிடம் நீட்டும் காட்சியை வரைகிறோம். தம்பி பெப்பி இங்கே காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தபோது விறகு கேட்டேனே, "சுண்ணாம்பு பூசுறவனுக்கெல்லாம் கணப்பு கேக்குதோ?" என்று கதவைச் சாத்தினாரே, அந்தக் காரியஸ்தர் லோரென்ட்ஸ் போன வாரம் சாரத்தடிக்குத் தாமாகவே வந்தார்.

"என் மூஞ்சியும் படத்துல வரணும். நட்டநடுவுல. அத்தனை கண்ணும் என்னையேதான் பாக்கணும், தெரியுதா?"

"அப்படியே செஞ்சுடறேன் ஐயா."

சொன்னபடியே செய்தேன். அந்தப் படத்தில் அத்தனை கண்ணும் பார்ப்பது வெட்டுண்ட தலையைத்தான்.

ஈரச் சாந்தில் தீட்டிய வண்ணம் காய்ந்துவிட்டால் கொத்தித்தான் எடுக்க முடியும். நன்றாகக் காயவிட்டுத்தான் திரையை விலக்கினேன்.

"கொத்திப் போடுங்கடா அதை!" என்று கத்தினார் லோரென்ட்ஸ்.

பிரபு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இருக்கட்டும்யா! உசுரோட இருக்கறதைவிட இதுலதான் லட்சணமா இருக்கே!"

இனி ஒவ்வொரு விருந்துக்கும் லோரென்ட்ஸ் தம் தலைக்கு அடியில் நின்றுதான் பரிமாற வைக்க வேண்டும்.

உப்பு மத்தி கொஞ்சம் அனுப்புங்கள். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி போதும், இந்தத் தடவை இரண்டு வேண்டாம்.

எல்லாரும் அந்தத் தலையின் உதட்டு நிறத்தைத்தான் மெச்சுகிறார்கள். அந்த நீலத்தை நான் எங்கும் தேடவில்லை அம்மா. பெப்பியின் உதட்டில் பார்த்ததுதான்.

சாந்து காய்கிறது, ஓடுகிறேன்.

சோர்சி