பெண் பார்க்கும் நாள் காலை

சொர்ணம்,

நீ பூ வாங்கப் போன நேரத்தில் எழுதுகிறேன். பீரோ சாவி அரிசி டப்பா மேல் இருக்கிறது. கேசரி கிளற வேண்டாம்.

நேற்றுப் பார்த்தோமே, பழைய பொம்மைப்பட ராஜகுமாரி கதையை நிஜ ஆட்களை வைத்து எடுத்த படம். அரண்மனைக்கு அத்தனை விளக்குப் போட்டவர்கள் அந்தப் பெண் முகத்துக்கு ஒன்றும் போடவில்லை. காட்டில் தொலைந்தபோதும் ஒரே சிரிப்பு, கல்யாணத்திலும் அதே சிரிப்பு. நான் கேலி பேசியதற்கு, "எதைக் கண்டாலும் நொட்டை சொல்லாதீக" என்று வழியெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

விடிந்ததும் பார்த்தால், நம் பிரீத்தி பட்டுச்சேலை கட்டிக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

"மாப்பிள்ளை போட்டோ பிடிச்சிருக்காம்மா?"

"பிடிச்சிருக்குப்பா."

"பிடிக்கலையோ?"

"பிடிக்கலப்பா."

இரண்டுக்கும் அதே சிரிப்பு. கண்ணை இமைக்கவே இல்லை. எனக்குக் கேலி வரவில்லை, சொர்ணம்.

சாயங்காலம் யாரும் வர வேண்டாம் என்று சொல்லத் திருத்தங்கலுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறேன். சொந்தக்காரர்கள் கேட்டால் என்னைக் கைகாட்டு.

பி.கு.: பால் காய்ச்சிவிட்டேன்.

இன்னொன்று: அவளிடம் நீயே சொல். அழுதால் அழட்டும், என்னைத் திட்டினால் திட்டட்டும். சிரித்தால் மட்டும் தனியாக விடாதே.