வெண்டைக்காய்க்குக் கையெழுத்து

9 பிப்ரவரி
பசுமலையில் காய்க்கடை போட்டேன். வாயும் வயிறுமாய் ஒரு பெண் என் வெண்டைக்காய்ப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இயற்கைன்னு எல்லாருந்தான் அடிக்கிறாங்க. இந்த முத்திரைக்கு யாருண்ணே பொறுப்பு?" மகள் இந்துப்ரியா விளக்கினாள்: வெறும் எழுத்து வேறு, சான்று வேறு. எங்கள் திருமங்கலம் குழுவில் ஐந்து விவசாயிகள்; ஒருவர் வயலை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருடம் பூச்சிமருந்து படாவிட்டால்தான் முழு முத்திரை; அதுவரை பையில் இருக்கிற இந்த அரை முத்திரைதான்.
"அப்ப ஆபீசர் வர மாட்டாரா?"
"நாங்கதாம்மா ஆபீசர்" என்றேன். ஒன்பதாம் வகுப்பு ஃபெயிலான ஆபீசர்! சிரித்துக்கொண்டே இரண்டு பை வாங்கினாள்.

16 பிப்ரவரி
எங்கள் குழுக்காரன் காசிமாயன் வயலைப் பார்க்கும் முறை எனக்கு. சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு போனேன். "வாங்க கலெக்டரே!" என்றான். சின்ன வயதிலிருந்தே சிநேகிதன், பின்னே எப்படிக் கூப்பிடுவான்?
அவன் செடியெல்லாம் பச்சை. என்னுடையதில் வெள்ளை ஈ மேய்ந்து இலை மஞ்சளாகிறது. "எப்படி மாப்ள?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.
"ஒரே தடவ மருந்தடிச்சேன் மாப்ள. கண்ணு முன்னால மஞ்சளாப் போகுது, பாத்துக்கிட்டு இருக்க முடியல. எழுதிப்புடாத. அடுத்த மாசம் மூணு வருசம் முடியுது."
படிவத்தை அப்படியே மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

17 பிப்ரவரி
எழுதினால் அவன் மறுபடி முதல் வருசத்துலேருந்து ஆரம்பிக்கணும். எழுதலேன்னா? அந்தப் பசுமலைப் பொண்ணு மாதிரி ஒருத்தி வாங்கித் தின்னா, அவ வயித்துல — எனக்கு எதுக்குய்யா இந்தப் பேனா?

18 பிப்ரவரி
எழுதிவிட்டேன்.

20 பிப்ரவரி
குழுக் கூட்டம். "அடிச்சது நெசந்தான்" என்று காசிமாயன் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டான். வெளியே வந்து என்னிடம் மட்டும் சொன்னான்: "நான் மாப்ளகிட்டதான்டா சொன்னேன். ஆபீசர்கிட்ட சொல்லல."
 

2 மார்ச்
டீக்கடையில் நான் நுழைந்ததும் காசிமாயன் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனான். "என்னண்ணே, சம்பந்தம் முறிஞ்சு போச்சா?" என்று கடைக்காரர் கருத்தக்கண்ணன் கிண்டலடித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

23 மார்ச்
இன்று என் வயலின் முறை. பார்க்க வேண்டியவன் காசிமாயன். முதல் வருடத்துக்குத் தள்ளினாலும் குழுவில்தானே இருக்கிறான். வேறு ஆளை அனுப்புவான் என்று நினைத்தேன். அவனே வந்தான். வரப்பு வரப்பாக நடந்தான். இலையைத் திருப்பிப் பார்த்தான், முகர்ந்தான். பாதிச் செடி மஞ்சள்; மருந்து வாடை மட்டும் இல்லை. "குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். எனக்கும் மூன்று வருடம் முடிந்தது, முழு முத்திரை வந்துவிடும்.
"மோர் இருக்குடா, ஒரு வாய் குடிச்சிட்டுப் போ."
"வேணாம்."
வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஊற்றி வைத்ததை நானே குடித்தேன். உப்புப் போட மறந்திருக்கிறேன்.