நீங்கள் கேட்ட வேலி

அக்கா,

நான் எழுதிக் கேட்டிருந்த பேரவை நடவடிக்கைக் குறிப்புத் தொகுதி இன்று காலைத் தபாலில் வந்தது. உறையைக் கிழித்ததும் அச்சு மையும் பசையும் கலந்த வாசனை. நான் எந்தப் பக்கத்தைத் தேடியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பெயர், அதன் கீழே நீங்கள் கொடுத்த திருத்தம், அதற்கும் கீழே ஒரே வரி: குரல் வாக்கெடுப்புக்கு விடப்பட்டுத் தள்ளுபடியானது. குரல் வாக்கெடுப்பில் யார் ‘இல்லை’ என்றார்கள் என்பது பதிவாகாது. அதனால் அந்தப் பக்கத்தில் என் பெயர் இல்லை. ஆனால் நான் அங்கேதான் இருந்தேன்.

ஒரே தேர்தலில்தான் நாம் இருவரும் முதன்முதலாக ஜெயித்தோம். நான் ஆளுங்கட்சி, நீங்கள் எதிர்க்கட்சி. நம் தொகுதிகள் பக்கத்துப் பக்கத்தில். சென்னை விடுதியிலும் ஒரே மாடியில் அறை. அவையில் எங்கள் ஆட்சியைக் கிழிகிழி என்று கிழித்துவிட்டு வருவீர்கள். அன்று சாயங்காலமே உங்கள் அறையிலிருந்து எனக்கு ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு வரும். “திட்டுனது கட்சிய. ஒனக்கென்ன, சாப்புடு” என்பீர்கள்.

அந்தக் கூட்டத்தொடரில் அரசு ஒரு சட்டமுன்வடிவு கொண்டுவந்தது. அனுமதியில்லாமல் கல் வெட்டுகிறவர்களுக்குத் தண்டனையைக் கூட்டும் சட்டம். நல்ல சட்டம்தான். அதில் நீங்கள் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னீர்கள்: குவாரிக் குத்தகை முடிந்து போகிறவர், தான் வெட்டிய குழியைச் சுற்றி வேலி போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். பேரவை நூலகத்தில் அந்தத் தாளை என் முன்னால் வைத்தீர்கள்.

“படிச்சுப் பாரு. இது எங்க கட்சிக் குழி, ஒங்க கட்சிக் குழின்னு பாக்குற வெசயமா?”

“நானும் பேசுறேன்க்கா. எங்க பக்கம் ஒருத்தர் எந்திரிச்சாத்தான் மந்திரி காது குடுப்பாரு.”

நீங்கள் என்னைப் பேசச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அன்று காலை எங்கள் கொறடா எல்லோரையும் கூப்பிட்டு, எந்தத் திருத்தத்தையும் ஏற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார். நீங்கள் எழுந்து மூன்று நிமிடம் பேசினீர்கள். முடிக்கும்போது என் பக்கம் பார்த்தீர்கள். நான் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பேரவைத் தலைவர் ஆதரிப்போரைக் கேட்டபோது உங்கள் வரிசையிலிருந்து கொஞ்சம் குரல்கள். எதிர்ப்போரைக் கேட்டபோது எங்கள் பக்கம் அதிர்ந்தது. நான் சும்மா வாயசைக்கவில்லை அக்கா. சத்தமாகவே சொன்னேன். அடுத்த நிமிடமே சட்டமுன்வடிவு நிறைவேறியது. மேசையைத் தட்டினோம்.

அன்று சாயங்காலமும் குழம்புக் கிண்ணம் வந்தது. என்னால் சாப்பிட முடியவில்லை.

அந்த வருட மழையில், நார்த்தாமலையைத் தாண்டி என் தொகுதியில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு கல்குவாரிக் குழி நிறைந்தது. துணி துவைக்கப் போன ஒரு பெண் வழுக்கி விழுந்தாள். மறுநாள்தான் உடலை எடுக்க முடிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது நீங்கள் எனக்கு முன்பே வந்து பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு நின்றார்கள். செத்துப்போனவளின் புருஷன், லாரியில் லோடு ஏற்றும் மனிதர், நேராக என்னிடம் வந்தார்.

“சட்டம் போடுறவுக நீங்க. இந்தக் குழியச் சுத்தி ஒரு வேலி போடச் சொல்லணும்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையாங்க?”

நடந்ததை நீங்கள் அப்படியே சொல்லியிருந்தால், அன்றோடு என் அரசியல் முடிந்திருக்கும். நீங்கள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“தோணுச்சுப்பா. நாங்க ரெண்டு பேரும் கேட்டோம். கெடைக்கல. மறுபடி கேப்போம்.”

திரும்பும்போது உங்கள் காரில் உட்கார்ந்து அழுதேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“ஒன்னயக் காட்டிக் குடுத்தா எனக்கு நாலு ஓட்டு கூடும். வேலி வருமா? மந்திரிய நீதான பாக்க முடியும். போயிப் பாரு.”

போனேன். முதல் இரண்டு முறையும் “பார்க்கலாம்மா” என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை அந்தப் பெண்ணின் படத்தை மேசையில் வைத்தேன். அடுத்த கூட்டத்தொடரில் அரசே அதைக் கொண்டுவந்தது. அதே வாக்கியம். வாக்கெடுப்புக்குக் கொஞ்சம் முன்னால், வேறொரு பிரச்சினைக்காக உங்கள் கட்சி வெளிநடப்புச் செய்தது. நீங்களும் போகவேண்டியதாயிற்று. உங்கள் இருக்கை காலியாகக் கிடக்க, எதிர்ப்பே இல்லாமல் அது நிறைவேறியது. பேப்பரில் என் படம் போட்டார்கள்.

“ஒங்க பேர எங்கயும் சொல்லலக்கா” என்றேன், வராந்தாவில் உங்களைப் பார்த்ததும்.

“குழிக்கு என் பேரையா வைக்கப் போறாக? போ, கம்பி ஊண்டுறாகளான்னு பாரு.”

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பல இடங்களில் வேலி வந்துவிட்டது. சில இடங்களில் கல்லுக்கால் மட்டும் நிற்கிறது. அடுத்த தேர்தலில் நீங்கள் தோற்றீர்கள். பிறகு நோய் வந்தது. சென்ற கூட்டத்தொடரில் உங்களுக்கு இரங்கல் குறிப்பு வாசித்தார்கள். எந்தத் தொகுதி, எந்தெந்தக் குழு என்று எல்லாம் இருந்தது. இந்தத் திருத்தம் இல்லை. எழுந்து மௌனமாக நின்றபோதுதான், அந்தப் பக்கத்தை ஒருமுறையாவது அச்சில் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

பார்த்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. மத்தியானமே, குழியில் விழுந்து செத்த அந்தப் பெண்ணின் புருஷன் வீட்டுக்குப் போனேன். நாற்காலி எடுத்துப் போட்டார். உட்காராமலே சொன்னேன்: “அன்னைக்கு அந்த அக்கா மட்டுந்தான் கேட்டாங்க. வேணாம்னு சொன்னதுல நானும் ஒருத்தி.”

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திப் போட்டார்.

“தெரியும்ங்க. காரியம் முடிஞ்ச வாரமே எங்க மச்சான் சட்டசபை வீடியோவ போன்ல காட்டுனாரு. அவுக பேசுனது, நீங்கள்லாம் சத்தம் போட்டது, எல்லாம் இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் எங்கிட்ட வந்து கேக்கல?”

“கேக்கத்தான் கெளம்புனேன். பாதி வழியில திரும்பிட்டேன். அந்தம்மா ‘நாங்க ரெண்டு பேரும்’னு சொன்னாகளேங்க. அவுகளே ஒங்களச் சேத்துக்கிட்டப்ப, நான் எப்புடிப் பிரிச்சுக் கேக்குறது?”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு காபி கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

இத்தனை வருடமும் நான் தப்பித்துவிட்டதாக நினைத்திருந்தேன் அக்கா. நீங்களும் அவருமாக இரண்டு பேர் என்னைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

வருகிற வாரம் கூட்டத்தொடர் தொடங்குகிறது. எதிர்வரிசையிலிருந்து வரும் திருத்தங்களைத்தான் இப்போதெல்லாம் முதலில் படிக்கிறேன். இந்த முறை ஒன்று, முதல் தடவை ஜெயித்து வந்திருக்கும் ஓர் உறுப்பினர் கொடுத்தது. இரண்டு முறை படித்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கொறடாவுக்குப் போன் செய்து, அதை ஆதரித்துப் பேசப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.