கிரைண்டருக்கு முட்டுக்கொடுத்த உயிரியல்

தம்பி மாடசாமி, நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற இந்தச் சீட்டு முன்னால வந்து நில்லு. அக்கா ஒரு கதை சொல்றேன்.

ஓசூர்ல ஒரு அப்பன் இருந்தான். நீட் தேர்வில் மகளுக்கு மார்க் குறைந்ததிலிருந்து, "மறுபடி எழுது, மறுபடி எழுது" என்று சோற்றுக்கு நடுவிலும் அதையே சொன்னான். மகள் கவிப்ரியா தடியான உயிரியல் புத்தகத்தை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த கிரைண்டருக்கு முட்டுக்கொடுத்தாள். "இப்பத்தான்ப்பா இது உதவுது" என்றாள். அன்றிலிருந்து அப்பனுக்கு இட்லி இறங்கவில்லை.

இன்று காலையில் அக்கா மாவாட்டப் போனால், கிரைண்டர் காலுக்கடியில் செங்கல். புத்தகம் மொட்டைமாடியில், கவிப்ரியா மடியில். அட்டையில் காய்ந்த உளுந்து மாவு.

அப்பன் பேசாமல் சாப்பிட்டுத் தூங்கினால் கதை நல்லபடி முடியும். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று வாயைத் திறந்தானோ, புத்தகம் திரும்பக் கிரைண்டருக்கே போய்விடும்.

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கு. சட்னியை நீயே தாளிச்சுக்கோ. நான் தேன்கனிக்கோட்டை போய்ட்டு சாயங்கால பஸ்ஸுக்கு வர்றேன்.

செங்கல் ஏதுன்னும் அவளைக் கேக்காத. உன் பைக் ஸ்டாண்டுக்கு அடியில கிடந்ததுதான். பைக்கைச் சுவர்ல சாய்ச்சு வை.

உன் வீட்டுல செங்கல் நகராம இருக்கட்டும், சாமி. மாவு நல்லாப் பொங்கட்டும்.