மாமா எழுந்து நிற்கக் கூடாது

என்னங்க,

கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி இன்று காலையில் மாமாவைப் பார்க்க வீட்டுக்கு வருகிறார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்ததும் படுத்துவிடாதீர்கள். கஞ்சி அடுப்பில். மாமா கருவாடு கேட்பார், கொடுக்காதீர்கள். கேட் சாவி அரிசி டப்பா மேல்.

போன தடவை மிஸ்ஸி வந்தபோது மாமா சவரம் செய்து, சட்டை மாட்டி, கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "ஓகே லா மிஸ்ஸி, நல்லாத்தான் இருக்கேன்." மிஸ்ஸியும் நம்பி, இனி கோலா கெத்தில் டவுன் கிளினிக்குக்கே கூட்டி வரச் சொல்லிவிட்டார். வாதம் அடித்த காலோடு மோட்டார் சைக்கிளில் எப்படி ஏற்றுவது? நான் கெஞ்சித்தான் இன்று மறுபடி வருகிறார்.

ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில், உடம்பு முடியவில்லை என்றால் கணக்கெழுதும் கிராணி அன்றைய வேலைக்குப் பேர் எழுத மாட்டாராம். அந்தப் பயம் மாமாவுக்கு இன்னும் போகவில்லை. இன்று படுத்தே இருக்கட்டும். முதுகுப் புண்ணைக் கட்டாயம் காட்டுங்கள்.

நேற்று உங்களிடம் கத்தினேன். சொன்னதில் மாற்றமில்லை. ஆனாலும் தினமும் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டுவது நீங்கள்தான், மறக்கவில்லை.

ரமணி

ஃபேக்டரி பஸ் வந்துவிட்டது, இதையும் படியுங்கள். மாமா எழுந்து உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருக்கிறார். சுங்கை பட்டாணி முதியோர் இல்லம் என்று நீங்கள் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. எங்கேயும் அனுப்ப மாட்டோம், படுங்கள் என்றேன். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"என் மகன் வசந்தன் சொல்லட்டும்மா" என்கிறார்.