பவர் இல்லாத ஆளுக்கு நூறு புள்ளி

மார்ச் 9, ஞாயிறு

ரூபன் வடவள்ளியிலிருந்து பைக்கில் வந்து என்னை அழைத்துப்போனான். வரவில்லை என்று சொல்ல ஒரு காரணம் யோசிக்க வேண்டும். அதற்குப் பதில் ஏறி உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டு மாடியில் விளையாடுகிறார்கள். தாள், பென்சில், பகடை, ஆளுக்கொரு சூப்பர்ஹீரோ. கதையை நடத்துகிறவள் சாய்ப்ரியா. எல்லோரும் காலேஜில் ஒரே வகுப்பில் படித்தவர்கள்தான். அமீர் ஹம்சாவின் ஆள் தொட்டால் இரும்பு உருகும். ரூபனின் ஆள் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வருவான். சாய் எனக்கு ஒரு தாளைக் கொடுத்து, நூறு புள்ளி இருக்கிறது, என்ன வேண்டுமோ வாங்கிக்கொள் என்றாள். 'பவர்' என்ற கட்டத்தின் குறுக்கே கோடு போட்டேன்.

"பறக்கறதாவது எடுத்துக்கடா," என்றான் அமீர். "ஓசில குடுக்கறத ஏன் விடற?"

வேண்டாம் என்றேன். பெரிய கொள்கை எல்லாம் இல்லை. எதுவும் வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். பெயரும் தோன்றவில்லை. அமீரே பிடுங்கி 'சும்மா' என்று எழுதிவிட்டான். என் ஹீரோவின் பெயர் சும்மா.

மார்ச் 12

வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. சாஃப்ட்வேரில் பதினோரு பிழை கண்டுபிடித்தேன். மேனேஜர் 'சூப்பர் சபரீஷ்' என்று மெசேஜ் போட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

பவர் இல்லாதவனுக்குத் திறமையாவது வேண்டும் என்று சாய் உட்கார்ந்து எழுதவைத்தாள். சத்தம் வராமல் நடப்பது, பத்து. காற்றில் வாடை பிடிப்பது, பத்து. ஒயரிங், மோட்டார் ரிப்பேர், இருபது. வேகமாக ஓடுவது, முப்பது.

ஓடுவதற்கு முப்பதா என்று வேறு நாளாக இருந்தால் ஓட்டியிருப்பார்கள். சாய் முப்பதைக் கழித்துக்கொண்டாள். மூன்று பேருமே ஜனவரி 22 அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள். விடியற்காலை மோட்டார் போடப்போன அப்பாவை, வாழைக்குள் நின்ற ஒற்றை யானை அடித்துக் கொன்றுவிட்டது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் இது புதிதில்லை. பேப்பரில் ஐந்து வரி வந்தது.

நான் அழவில்லை. இன்றுவரை இல்லை. கல்லு மாதிரி இருக்கிறான் என்று பெரியப்பா யாரிடமோ சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மார்ச் 20

பக்கத்துத் தோட்டத்து நாச்சியம்மாள் அத்தை வந்திருந்தார். எங்கள் வாழைக்கும் இப்போது அவர்தான் தண்ணீர் பாய்ச்சுகிறார். அம்மா மாட்டுக்கொட்டகையைத் தாண்டி ஓர் அடி வைப்பதில்லை. பிரஷர் மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கிறது. கேட்டால், "எனக்கெதுக்கு கண்ணு அதெல்லாம்," என்கிறாள்.

அத்தையிடமும் அதே பேச்சு. துக்கம் கேட்க வந்த ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொன்னது.

"போன்லயே மோட்டார் போட்டுட்டு ஊட்லயேதானுங்க இருப்பாரு. நாந்தேன், கடைசி வரிசைக்குத் தண்ணி போவுதான்னு போயிப் பாத்தாத்தான் என்னன்னு முந்துன நாளு பேசிப்போட்டேன். நாந்தானுங்க அனுப்பிச்சேன்."

"நீ என்னத்தக் கண்ட அம்மிணி," என்றார் அத்தை.

நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

தாளில் 'குறை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. குறை எழுதினால் புள்ளி கூடும். ரூபனுடைய ஆளுக்கு உயரம் என்றால் பயம். அமீருடைய ஆளுக்குக் கோபம். நான் 'ரகசியம்' என்று எழுதினேன்.

"ரகசியத்துக்குப் பத்துப் புள்ளி," என்றாள் சாய். "ஆனா அதனால வேற யாராவது சிரமப்படணும். இல்லைனா அது குறையே இல்ல, சும்மா பெருமை. யாரு படறா?"

"அம்மா," என்றேன்.

"ஹீரோவோட அம்மாவா?"

"ம்."

எழுதிக்கொண்டாள். பத்துப் புள்ளி கூடியது. அதையும் ஓட்டத்தில்தான் போட்டேன்.

மார்ச் 24

இங்கேயாவது எழுதிப்போடு.

மோட்டார் ரூமில் இருக்கிற பெட்டிக்குள் ஒரு சிம் உண்டு. அந்த நம்பருக்கு போன் செய்தால் மோட்டார் ஓடும். த்ரீ ஃபேஸ் கரண்ட் விடியற்காலை நாலரைக்குத்தான் வரும். அப்பா இருட்டில் போகக்கூடாது என்று நானே வாங்கி மாட்டிக்கொடுத்தேன். ரீசார்ஜும் என் பொறுப்பு. இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தடவை. ஜனவரி 21 அன்று 'இன்றுடன் முடிகிறது' என்று மெசேஜ் வந்தது. மீட்டிங்கில் இருந்தேன். தள்ளிவிட்டேன். மறந்துவிட்டேன்.

போலீஸ் அப்பாவின் போனை என் கையில்தான் கொடுத்தார்கள். கீறல்கூட இல்லை. 'மோட்டார்' என்ற நம்பருக்கு 4.41க்கு ஒரு தடவை, 4.43க்கு ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறார். எடுக்காததால் நடந்து போயிருக்கிறார். என்னைக் கூப்பிடவில்லை. பையன் தூங்குவான் என்று நினைத்திருப்பார்.

அந்த இரண்டு வரியையும் அழித்தேன். அப்பா ஜி.எச். பிணவறையில் இருக்கும்போதே, வெளியே புங்கமரத்தடியில் நின்று அந்த சிம்முக்கு ரீசார்ஜும் செய்தேன். யாராவது சோதித்துப் பார்த்தால்? அப்படியெல்லாம் மூளை வேலை செய்திருக்கிறது. என்ன ஜென்மம்டா நீ.

மார்ச் 30, ஞாயிறு

இன்று சாய் கதையில் வெள்ளம் வந்தது. சும்மா ஓடியே மூன்று பேரைக் கரைசேர்த்தான். அமீர் கைகொடுத்தான்.

டீ குடிக்கும்போது, அந்த ரகசியத்தை ஹீரோ சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று சாயிடம் கேட்டேன்.

"பத்துப் புள்ளியத் திருப்பிக் குடுக்கணும்."

"அவங்க மன்னிப்பாங்களா?"

"அதுக்கெல்லாம் ரூல் இல்லடா," என்றாள்.

ஏப்ரல் 2

சொல்லிவிட்டேன். மதியம், கொட்டகையில். அம்மா தீவனம் கலக்கிக்கொண்டிருந்தாள். முன்கூட்டி யோசித்து வைத்ததெல்லாம் வாயில் வரவில்லை. சிம் தீந்திருச்சும்மா, நாந்தான் போடல, அப்பா ரெண்டு தடவ கூப்பிட்டிருக்காரு, அழிச்சுட்டேன். அவ்வளவுதான் வந்தது.

"ரண்டு தடவயா?" என்றாள்.

"ஆமாம்மா."

கை கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். பிறகு அடித்தாள். கன்னத்தில், தோளில், எங்கே படுகிறது என்று பார்க்காமல். நான் நகரவில்லை. மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது.

"எழுவது நாளா நாஞ் சொல்லச் சொல்ல... கேட்டுட்டேதானடா ஒக்காந்திருந்த?"

மறந்ததற்கு அல்ல. இதற்குத்தான் அடித்தாள். ஆமா. கேட்டுட்டேதான் ஒக்காந்திருந்தேன்.

ஏப்ரல் 3

அம்மா பேசவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மா பேசவில்லை. விளையாடப் போனேன். ரகசியத்தை அடித்துவிட்டேன், பத்தைக் கழித்துக்கொள் என்று தாளை நீட்டினேன்.

"கதைல எப்பச் சொன்ன?" என்றாள் சாய்.

"கதைல இல்ல."

அவள் என்னையே பார்த்தாள். அமீர் பகடையைக் கீழே வைத்துவிட்டான். ரூபன் எழுந்துபோய் ஃபேனைக் கூட்டிவைத்தான். அது ஏற்கெனவே வேகமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

ஏப்ரல் 11

காலையில் அம்மா தோட்டத்துக்குப் போனாள். கூப்பிடாமல், சொல்லாமல், தானாக. நான் பின்னால் போய் வேலியோரம் நின்றேன். நாச்சியம்மாள் அத்தை வாய்க்கால் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"எம் பேச்சக் கேட்டு அவரு போவலீங்க," என்றாள் அம்மா. சாதாரணமாக, விலை சொல்வது போல. "எம் பையன் செஞ்ச தப்புங்க."

அத்தை என்னைப் பார்த்துவிட்டார். அம்மா திரும்பவில்லை. வரப்பில் இறங்கிக் கடைசி வரிசைவரை நடந்தாள். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை. சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

ராத்திரி அம்மா மாத்திரை போட்டாள். தனக்குத் தட்டு வைத்துச் சாப்பிட்டாள். எனக்குப் போடவில்லை. நானே போட்டு, எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அம்மா எழுந்து போகவில்லை.